எந்த ஆண்டு ரயில்?

சிறுவர்களுக்கான ஒரு வரலாற்றுச் சாகச நாவல். கதை முழுக்க ஓடும் ரயிலில் நடக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தனியாகப் பயணம் போகிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எதையோ மறைப்பதைப் பார்த்துவிடுகிறாள். அவர் பெட்டி பெட்டியாக அவளைத் துரத்துகிறார். அவள் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள், வண்டி நிற்கிறது. இப்படி யாராவது கதைச் சுருக்கம் சொன்னால் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: இது எந்த ஆண்டு ரயில்?

குறை கண்டுபிடிக்கும் ஆசையில் கேட்பதில்லை. இங்கிலாந்து, 1860 என்று பதில் வந்தால் அந்தச் சுருக்கத்தில் பாதி நடக்கவே நடக்காது. துரத்துவதற்கு நடைவழி கிடையாது. இழுப்பதற்குச் சங்கிலி கிடையாது. அதே ஆண்டில் அமெரிக்கா என்றால் துரத்தலாம். அங்கே பெட்டியின் நடுவே வழி உண்டு. ரயில் கதை எழுத வருகிற பலர் ரயிலை ஒரு நாடகத் திரைச்சீலை மாதிரி பின்னால் தொங்கவிட்டு, முன்னால் தங்கள் கதையை நடத்துகிறார்கள். கதையில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று முடிவு செய்வது அந்த இரும்புதான். அந்த இரும்போ பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

கதவிலிருந்து தொடங்கலாம். முதல் ரயில் பெட்டிகளைச் செய்தவர்கள் குதிரைக் கோச்சு வண்டி செய்து பழகியவர்கள். கை பழகியதையே இங்கும் செய்தார்கள். மூன்று கோச்சு வண்டிகளின் உடலை வரிசையாக ஒரே சட்டத்தின்மேல் ஏற்றி, இரும்புச் சக்கரம் மாட்டினார்கள். ஒவ்வோர் அறைக்கும் இரு பக்கமும் கதவு. இரண்டும் நேரே வெளியே திறக்கும். அறைக்கும் அறைக்கும் நடுவே மரச்சுவர். வண்டி கிளம்பிவிட்டால் அடுத்த நிலையம் வரும்வரை உள்ளே இருப்பவர் உள்ளேதான். ஐரோப்பாவின் பல பாதைகளில் கார்டுகள் ஓடும் வண்டியின் வெளிப்புறப் படிப்பலகையில் ஒட்டிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து டிக்கெட் பார்த்தார்கள். சில இடங்களில் பயணிகள் குதித்துவிடாமல் இருக்க அறைகளை வெளியிலிருந்து பூட்டியும் வைத்தார்கள். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து வண்டி கவிழ்ந்து தீப்பிடித்தபோது, பூட்டிய அறைகளுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உலகைக் கப்பலில் சுற்றி அண்டார்க்டிகாவின் கரைவரை போய் வந்த கடலோடி துமோன் தூர்வில், மனைவியோடும் மகனோடும் அந்த வண்டியில்தான் இறந்தார். அதன்பிறகு பிரான்சில் பயணிகளைப் பூட்டிவைக்கும் வழக்கம் கைவிடப்பட்டது.

இந்த அறை அமைப்பு துரத்தும் கதைக்கு உதவாது. ஆனால் பயத்துக்கு இதைப்போல ஓர் இடம் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவரோடு, அடுத்த நிலையம்வரை, குரல் எட்டாத ஒரு மரப்பெட்டிக்குள். 1864 ஜூலை 9 இரவு லண்டனில் ஓடிய ஒரு ரயிலின் முதல் வகுப்பு அறையில் ஏறிய பயணிகள் இருக்கை ஈரமாக இருப்பதை உணர்ந்தார்கள், அது ரத்தம். அறையில் யாரும் இல்லை. ஒரு தொப்பி கிடந்தது. தாமஸ் பிரிக்ஸ் என்ற முதிய வங்கி அதிகாரி தண்டவாளத்தின் ஓரம் குற்றுயிராகக் கண்டெடுக்கப்பட்டார். அறையில் கிடந்த தொப்பி அவருடையது அல்ல. தாக்கியவன் அவசரத்தில் தன் தொப்பியை விட்டு அவர் தொப்பியை எடுத்துப் போயிருந்தான். அந்தத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய்ச் சேர்ந்தது ஃபிரான்ஸ் மூலர் என்ற தையல்காரரிடம். அவரோ பாய்மரக் கப்பலில் நியூயார்க் கிளம்பிவிட்டார். துப்பறிவாளர்கள் நீராவிக் கப்பலில் ஏறி, அவருக்கு முன்பே போய்த் துறைமுகத்தில் காத்திருந்தார்கள்.

இந்தக் கொலை கிளப்பிய பீதியில்தான் 1868இல் பிரிட்டனில் சட்டம் வந்தது: இருபது மைலுக்கு மேல் நிற்காமல் போகும் ரயில்களில், பயணி ரயில் ஊழியருக்குத் தகவல் தர ஒரு வழி இருக்க வேண்டும். முதலில் வந்தது சங்கிலி அல்ல, கயிறு. அது பெட்டிக்கு வெளியே, கூரையின் விளிம்பை ஒட்டி ஓடும். ஆபத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி, மேலே துழாவி அதை இழுக்க வேண்டும். மறுமுனையில் மணி அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம்.

ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை அந்தக் கயிற்றுக்கு எட்டுமா? 1863 என்றால் கயிறே இல்லை. 1870 என்றால் கயிறு இருக்கிறது, கை எட்டாது. ஏழே ஆண்டு வித்தியாசத்தில் இரண்டு வேறு காட்சிகள். வரலாறு கதைக்குள் வர வேண்டிய வழி இதுதான் என்று எனக்குப் படுகிறது, கதவுக் கைப்பிடி வழியாக. விக்டோரியா மகாராணியின் ஆட்சிச் சிறப்பை மாமா ஒருவர் நாலு பக்கம் பேசுவதன் வழியாக அல்ல. “மாமா, இந்த எஞ்சினை யார் கண்டுபிடித்தார்கள்?” என்று ஒரு குழந்தை கேட்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். குழந்தைகளும் அதைத்தான் செய்கிறார்கள், சொல்வதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பெட்டி ஒரே நீண்ட கூடம். இரு முனையிலும் திறந்த மேடை, நடுவில் வழி. ஒரு பெட்டியின் மேடையிலிருந்து அடுத்ததன் மேடைக்குத் தாண்ட வேண்டும்; கீழே தண்டவாளம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே துருத்தி போட்டு மூடிய இணைப்பு 1887இல்தான் சொகுசுப் பெட்டிகள் செய்த புல்மன் நிறுவனத்தின் பெட்டிகளில் வந்தது. எனவே 1880இல் ஒரு சிறுவன் பெட்டி மாறுகிறான் என்றால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் காற்று, புகை, கரித்தூள், தடுமாறும் கால் எல்லாம் இருக்க வேண்டும். 1890இல் வெறுமனே “அடுத்த பெட்டிக்குப் போனான்” என்று எழுதிவிடலாம், அவன் வசதியான வண்டியில் போகிறான் என்றால்.

ரயில் கூரைமேல் ஓடுவதும் அங்கிருந்து வந்ததுதான். இன்று அது சினிமாக்காரர்களின் கற்பனை போலத் தெரிகிறது. அன்று அது சம்பளத்துக்குச் செய்த வேலை. சரக்கு வண்டியில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி பிரேக். அதைத் திருகும் சக்கரம் கூரைமேல் இருக்கும். எஞ்சின் டிரைவர் ஊதினால் பிரேக்மேன்கள் கூரை கூரையாக ஓடிச் சக்கரத்தைத் திருக வேண்டும். பனியில், மழையில், இரவில். சுரங்கப்பாதை அல்லது தாழ்ந்த பாலம் வருவதற்குச் சற்று முன்னால் பாதைக்குக் குறுக்கே கயிறுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அவை முகத்தில் பட்டால் உடனே குப்புறப் படுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1869. அமெரிக்க நாடாளுமன்றம் காற்றுப் பிரேக்கையும் தானியங்கி இணைப்பையும் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது 1893. நடுவில் இருபத்து நாலு ஆண்டு. கருவி கையில் இருந்தும் செலவை நினைத்துத் தள்ளிப்போட்ட காலம் அது. ஆள்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். பெட்டிகளைக் கையால் ஆணி போட்டு இணைத்த ஊழியர்களுக்கு விரல் குறைந்திருப்பது சாதாரணம். கூரைமேல் ஓடும் நாயகனை வைத்து எழுதும்போது, அந்தக் கூரையில் தினமும் ஓடிய ஒருவனுக்கும் கதையில் இடம் தந்தால் காட்சியின் எடையே மாறிவிடும்.

இன்னொரு சாகசக் காட்சியும் அடிக்கடி வருகிறது: சிறுவர்கள் நின்றுகிடக்கும் நீராவி எஞ்சினில் ஏறி, நெம்புகோலைத் தள்ளி, ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு நெருப்பு மூட்டி நீராவி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். ஓடத் தொடங்கிய பிறகும் ஒருவர் கரி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் பாதையையும் கொதிகலனின் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். நீர் வற்றினால் கொதிகலன் வெடிக்கலாம். வில்லன் துப்பாக்கியோடு வருகிறான், நாயகர்கள் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர் கையில் அதுவே பிரமாதமான அத்தியாயமாகும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த ஒன்று இதற்குப் பாடப்புத்தகம். 1862 ஏப்ரல் 12 அன்று, ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தலைமையில் வடக்குப் படையின் ஆள்கள் மாறுவேடத்தில் ஜார்ஜியாவில் ஒரு ரயிலில் ஏறினார்கள். பயணிகள் காலை உணவுக்கு இறங்கிய நேரத்தில் ‘ஜெனரல்’ என்ற எஞ்சினைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். திட்டம்: போகிற வழியில் பாதையைப் பெயர்ப்பது, தந்திக் கம்பிகளை அறுப்பது, பாலங்களை எரிப்பது. ரயிலின் கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் முதலில் ஓட்டமாக ஓடினார். பிறகு தள்ளுவண்டி, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வேறு எஞ்சின்கள். கடைசியில் அவருக்குக் கிடைத்த எஞ்சின் எதிர்த் திசை பார்த்து நின்றது. திருப்ப நேரமில்லை, அதைப் பின்னோக்கியே ஓட்டித் துரத்தினார். ஆண்ட்ரூஸ் குழு தோற்றது துணிச்சல் குறைந்ததால் அல்ல. ஒற்றைப் பாதை, எதிரே வரும் சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டு ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தது. முந்தைய மழையில் பாலங்கள் நனைந்து கிடந்தன, எரியவில்லை. துரத்துபவர் நெருங்கிவிட்டதால் விறகும் தண்ணீரும் ஏற்ற நிற்க முடியவில்லை. சுமார் 87 மைல் போன பிறகு விறகு தீர்ந்தது, எஞ்சின் நின்றது. கதை எழுத உட்காரும் ஒருவர் இந்தக் காரணங்களை மட்டும் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

தந்திக் கம்பியை அவர்கள் ஏன் அறுத்தார்கள் என்பது தனிக் கதை. ரயில் வந்த புதிதில் அதைவிட வேகமான பொருள் தரையில் இல்லை. ரயிலில் ஏறிவிட்டவனை, அவன் செய்த காரியத்தின் செய்தி எட்டிப் பிடிக்க முடியாது. 1845 ஜனவரி 1 அன்று அது பொய்யானது. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊர் அருகே ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு ஜான் டாவெல் என்பவர் லண்டன் பாடிங்டன் ரயிலைப் பிடித்தார். ஸ்லவ் நிலையத்தில் தந்திக் கருவி இருந்தது. அவருடைய உடையை வர்ணித்து, அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக்காரர் போல உடுத்தியிருக்கிறார் என்று செய்தி அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் குவேக்கர் என்ற சொல் ‘க்யூ’வில் தொடங்கும், அந்தக் கருவியிலோ ‘க்யூ’ எழுத்து கிடையாது. எனவே ‘கே, டபிள்யூ’ என்று தொடங்கி எழுத்துக்கூட்டினார்கள். மறுமுனையில் இருந்தவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. ரயில் பாடிங்டனுக்குள் வரும்போது போலீஸ் அங்கே காத்திருந்தது. ஓர் எழுத்து இல்லாததால் செய்தி குழம்பும் இந்த ஒரு கணத்துக்குள் ஒரு முழு அத்தியாயம் ஒளிந்திருக்கிறது. புதிர் பிடிக்கும் வயதுக்காரர்களுக்கு இதைவிட என்ன கொடுப்பது?

நேரமும் அப்படி ஒரு புதிர்தான். ரயிலுக்கு முன்பு ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் வரும் சூரியனை வைத்து மணி பார்த்தது. பிரிஸ்டல் லண்டனைவிடப் பத்து நிமிடம் பின்தங்கியது. பிரிஸ்டலில் ஒரு பழைய கட்டடத்தின் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் இருக்கின்றன. ஒன்று ஊர் நேரம், மற்றது லண்டன் நேரம். வட அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1883 நவம்பர் 18 அன்று ஒரே நாளில் பொது நேரத்துக்கு மாறியபோது, ஒவ்வொரு நேர மண்டலத்திலும் கிழக்கே சாய்ந்திருந்த ஊர்களில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதால் நண்பகல் இரண்டு முறை அடித்தது. ரஷ்யாவில் ரயில்வே முழுவதும் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் நேரத்தில் ஓடியது. விளாதிவஸ்தோக்கில் இரவு எட்டு மணிக்கு இறங்கும் பிள்ளை நிலையக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தால் அது மதியம் ஒன்று என்று சொல்லும்.

சைபீரியப் பாதையைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. பைக்கால் ஏரியைச் சுற்றிப் பாதை முடிவதற்குள் 1904இல் ஜப்பானோடு போர் வந்துவிட்டது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேலேயே தண்டவாளம் போட்டார்கள். சோதித்துப் பார்க்க அனுப்பிய எஞ்சின் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அதன்பிறகு பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. எஞ்சின்கள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு அக்கரை போயின. ஆடம்பரத்துக்குப் பேர்போன ஓரியன்ட் எக்ஸ்பிரஸும் 1883இல் கிளம்பிய புதிதில் நேரே இஸ்தான்புல் போனதில்லை. தானூப் நதியைப் படகில் கடந்து, வேறு ரயிலேறி, வார்னாவிலிருந்து கப்பலில் போக வேண்டும். ஒரே வண்டியில் உட்கார்ந்து போக முடிந்தது 1889இலிருந்துதான்.

இவ்வளவு சொன்னாலும், சிறுவர் நாவலுக்கு ரயில் இத்தனை தோதாக அமைவதற்கு இயந்திரம் மட்டும் காரணமில்லை. எந்தச் சிறுவர் சாகசக் கதைக்கும் முதல் தலைவலி பெற்றோரை என்ன செய்வது என்பதுதான். அம்மா பக்கத்தில் இருந்தால் சாகசம் நடக்காது. அதனால்தான் இந்த வகைக் கதைகளில் இத்தனை அநாதைகள். ரயிலில் யாரையும் சாகடிக்க வேண்டியதில்லை. அப்பா தண்ணீர் பிடிக்க இறங்குகிறார், வண்டி நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

நிஜத்திலும் பிள்ளைகள் தனியாக ரயிலில் இருந்திருக்கிறார்கள். 1859இல் பன்னிரண்டு வயதுத் தாமஸ் எடிசன் போர்ட் ஹியூரன் – டெட்ராய்ட் வண்டியில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கச் சேர்ந்தான். சரக்குப் பெட்டியின் மூலையில் ரசாயனக் குப்பிகளை அடுக்கி ஓர் ஆய்வுக்கூடம் வைத்தான். சிறிய அச்சு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து ஓடும் வண்டியிலேயே ஒரு வாரப் பத்திரிகை அச்சடித்தான். 1862 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டைச் செய்தி வந்தபோது, தந்திக்காரரிடம் பேசி, வழியிலுள்ள நிலையங்களின் பலகையில் தலைப்பை மட்டும் முன்கூட்டியே எழுதவைத்தான். கடனுக்கு ஆயிரம் பிரதி வாங்கினான். நிலையத்துக்கு நிலையம் கூட்டம் பெருகப் பெருக விலையை ஏற்றிக்கொண்டே போனான். ஒருநாள் பாஸ்பரஸ் விழுந்து பெட்டி தீப்பிடித்தது. கண்டக்டர் அவனையும் அவன் குப்பிகளையும் சேர்த்து இறக்கிவிட்டார். அதே 1862இல் ஒரு நிலையத்தில், உருண்டு வந்த சரக்குப் பெட்டியின் முன்னாலிருந்து நிலைய அதிகாரியின் சின்னப் பையனை இழுத்துக் காப்பாற்றினான். அந்தத் தகப்பன் நன்றிக்கடனாக அவனுக்குத் தந்தி அடிக்கக் கற்றுத்தந்தார். இதைக் கற்பனையாக எழுதினால் பதிப்பாசிரியர் “நம்பும்படி இல்லை” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

1914 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மே பியர்ஸ்டார்ஃப் என்ற குழந்தையைப் பெற்றோர் பாட்டி வீட்டுக்குப் பார்சலாகவே அனுப்பினார்கள். வயது ஆறுகூட நிரம்பவில்லை. கோட்டில் 53 சென்ட் தபால்தலை ஒட்டி, ரயிலின் தபால் பெட்டியில், தபால் ஊழியரின் பொறுப்பில். ரயில் டிக்கெட்டைவிட அது மலிவு. 1881 ஜூலையில், அயோவாவில் புயல் இரவில் பாலம் உடைந்து ஓர் எஞ்சின் ஓடைக்குள் விழுந்தபோது, கேட் ஷெல்லி என்ற பதின்ம வயதுப் பெண் இன்னொரு நீளமான ஆற்றுப் பாலத்தின்மேல் இருட்டில் கட்டை கட்டையாகத் தவழ்ந்துபோய் நிலையத்தில் சொல்லி, வரவிருந்த ரயிலை நிறுத்தவைத்தாள். நிஜப் பிள்ளைகளின் சாகசத்தில் ஒன்றைக் கவனிக்கலாம்: அவர்கள் யாரையும் அடித்து வீழ்த்துவதில்லை. ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பிள்ளை உடம்புக்கு முடிகிற வீரம் அது.

ரயிலுக்கு இன்னொரு வசதி, அதன் வரிசை. பின்னாலிருந்து முன்னால், அல்லது முன்னாலிருந்து பின்னால் நடந்தால் ஒரு சமூகத்தின் எல்லாப் படிகளையும் கடந்தாகிவிடும். கனடா பசிபிக் ரயிலில் குடியேற வந்த ஏழைகளுக்கான பெட்டியில் மரப்பட்டி இருக்கைகள். படுக்கை விரிப்பு அவரவர் கொண்டுவர வேண்டும். பெட்டி முனையில் ஓர் அடுப்பு, அதில் முறை போட்டுச் சமையல். அதே வண்டியில் சில பெட்டிகள் தள்ளி மெத்தைப் படுக்கையும் உணவுக்கூடமும். அமெரிக்கப் புல்மன் படுக்கைப் பெட்டிகளில் பணியாளர்கள் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர். தொடக்கத்தில் பலர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள். பயணிகள் அவர்கள் எல்லாரையும் முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் “ஜார்ஜ்” என்றே கூப்பிட்டார்கள். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 1937இல்தான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட முடிந்தது. பழைய சாகசக் கதைகளில் இப்படியான பணியாளர் சிரித்த முகத்தோடு வந்து தலையணை தந்துவிட்டுப் போவார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்கும் ஒரு குழந்தையை எழுதினால் போதும், வரலாறு உள்ளே வந்துவிடும்.

கனடா பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த வகை நாவலுக்கு வேண்டிய எல்லாமே அங்கே ஒரே இடத்தில் கிடக்கிறது. ஃபீல்டு என்ற மலையூர் அருகே ‘பெரிய மலை’ என்று ரயில்காரர்கள் அழைத்த இறக்கம், நூறு அடிக்கு நாலரை அடி. முதன்முதலாக அதில் இறங்கிய கட்டுமான வண்டியே கட்டுமீறி ஓடி ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதன்பின் இறக்கத்தில் கிளைப்பாதைகள் போட்டார்கள். பாதை எப்போதும் மேட்டில் ஏறி முடியும் அந்தக் கிளைக்கே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். கீழே வரும் வண்டி கட்டுக்குள் இருக்கிறது என்று, தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனுக்கு நம்பிக்கை வந்தால்தான் பிரதான பாதைக்குத் திருப்புவார். இல்லையென்றால் வண்டி மேடேறித் தானாக நிற்கும். இருட்டில், மலைச்சரிவில், ஓசையை வைத்து ஒரு வண்டியை நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மனிதர். 1909இல் மலைக்குள் வளையமாகச் சுற்றும் சுரங்கங்கள் திறக்கும்வரை இப்படித்தான் ஓடியது.

அந்தப் பாதையின் கடைசி ஆணியை 1885 நவம்பர் 7 அன்று கிரெய்கெல்லாக்கியில் டொனால்ட் ஸ்மித் அடித்தார். முதல் அடியில் ஆணி வளைந்தது. வேறு ஆணி கொண்டுவந்தார்கள். அன்று எடுத்த புகைப்படம் கனடாவில் தெரியாதவர் இல்லை. கறுப்புக் கோட்டுகள், தாடிகள், சுத்தியலோடு குனிந்த கிழவர். அவருக்குப் பின்னால் பெரியவர்களுக்கு நடுவே நுழைந்து நிற்கிறது ஓர் இளம் முகம், எட்வர்ட் மலண்டெய்ன், வயது பதினெட்டு. அந்த ஆண்டு மேற்குக் கனடாவில் எழுந்த கலகத்தை அடக்கும் படையில் சேரலாம் என்று கிளம்பியவன். போய்ச் சேர்வதற்குள் சண்டை முடிந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்து, முண்டியடித்துச் சரித்திரத்துக்குள் நுழைந்துவிட்டான். சாகச நாவல்களின் நாயகன் எப்போதும் இந்தப் பையன்தான். தற்செயலாக வந்து, நடுவில் நின்றுவிடுகிறவன்.

அந்தப் படத்தில் சீனத் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பகுதியில் பாதை போட வந்தவர்கள் சுமார் 15,000 சீனர்கள். நாள் கூலி ஒரு டாலர். வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. வெடிவைப்பிலும் மண்சரிவிலும் நோயிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். பாதை முடிந்த அதே 1885இல் கனடா அரசு உள்ளே வரும் ஒவ்வொரு சீனர்மேலும் 50 டாலர் தலைவரி போட்டது. 1903இல் அது 500 ஆனது. மன்னிப்பு வந்தது 2006இல். இன்று இந்தக் காலத்தை வைத்துச் சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் பலரும் படத்துக்கு வெளியே நின்றவர்களையும் உள்ளே கொண்டுவர முயல்கிறார்கள். சிலர் அதைப் பின்னிணைப்பில் ஒரு பக்கக் குறிப்பாகப் போட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பைக் குழந்தைகள் படிப்பதில்லை. கதையில் அந்த ஒரு டாலருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று வந்தால் படிக்காமல் இருக்க முடியாது.

தனியாக ரயிலேறும் பிள்ளை என்று சொன்னேன். விரும்பி ஏறாத பிள்ளைகளும் உண்டு. 1854 முதல் 1929 வரை நியூயார்க் போன்ற நகரங்களிலிருந்து சுமார் இரண்டு லட்சம் ஏழைக் குழந்தைகள் மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு ரயிலில் அனுப்பப்பட்டார்கள். ஊர் ஊராக வண்டி நிற்கும். தேவாலயத்திலோ நாடகக் கொட்டகை மேடையிலோ வரிசையாக நிறுத்துவார்கள். வந்தவர்கள் பார்த்துப் பிடித்ததை அழைத்துப் போவார்கள். அண்ணன் ஓர் ஊரில், தங்கை அடுத்த ஊரில். மீந்தவர்கள் மறுபடி வண்டியேறுவார்கள். பாசமான வீடு கிடைத்தவர்களும் உண்டு, பண்ணையில் கூலியில்லாத ஆளாக ஆனவர்களும் உண்டு. இந்த ரயிலில் துரத்தும் வில்லன் தேவையில்லை. ஒவ்வொரு நிலையமும் அந்த வேலையைச் செய்துவிடும்.

1938 டிசம்பர் தொடங்கி, நாஜி ஆட்சியின் பிடியிலிருந்து சுமார் 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், ரயிலிலும் கப்பலிலுமாக பிரிட்டன் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு சின்னப் பெட்டி, பத்து மார்க் பணம், கழுத்தில் எண் எழுதிய அட்டை. விலையுயர்ந்த பொருள் எதுவும் கூடாது. சில நிலையங்களில் பெற்றோர் பிளாட்பாரத்துக்கு வரவே அனுமதி இல்லை. எல்லை தாண்டி நெதர்லாந்துக்குள் வந்ததும் பெண்கள் ஜன்னல் வழியாக ரொட்டியும் சூடான கோகோவும் தந்ததை, வளர்ந்து முதியவர்களான பலர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இதை வைத்துச் சிறுவர் நாவல் எழுதுவது கத்திமேல் நடப்பது. சாகசம் என்றால் முடிவில் வீடு திரும்ப வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் திரும்ப வீடே இல்லை. ரயிலை விட்டு இறங்கும் இடத்தில் கதை முடியாது. அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது. அதனால் நல்ல எழுத்தாளர்கள் வேகத்தைக் குறைத்து, அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதிலேயே பாதி நாவலைச் செலவழிக்கிறார்கள்.

பிராகிலிருந்து நிக்கோலஸ் வின்டனும் அவருடைய தோழர்களும் 669 குழந்தைகளை இப்படி அனுப்பினார்கள். அடுத்த வண்டி 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டும். 250 குழந்தைகளுக்கு இடம் ஏற்பாடாகியிருந்தது. லண்டனில் அவர்களுக்காக வீடுகள் காத்திருந்தன. அன்று ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, எல்லை மூடியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போர் முடிந்தபோது உயிரோடு இல்லை. ரயில் ஓடும் என்ற நம்பிக்கையில்தான் இந்த வகை நாவலே கட்டப்பட்டிருக்கிறது: துரத்தல், தந்தி, கடிகாரம், கூரை எல்லாமே. கிளம்பாத அந்த வண்டியைப் பன்னிரண்டு வயது வாசகருக்கு எப்படி எழுதுவது?